மேலும் ஆய்வு தேவை

வாகைக்கோட்டையில் எதுவுமே முடியாமல் போன காலத்தைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் ஆளுக்கொரு இடத்தில் தொடங்குவார்கள், ஒருத்தர் சாய்ந்த தொட்டியில் தொடங்குவார், இன்னொருத்தர் மாடத்தியின் ஆட்டில் தொடங்குவார், பெண்களெல்லாம் பேசி முடியாத அந்தக் கல்யாணத்தில் தொடங்கிச் சிரிப்பார்கள். ஆனால் அத்தனையும் தொடங்கியது கல்லூரிப் பேராசிரியர் திரவியம் எழுதிய ஒரே ஒரு வரியில்தான், அதை அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, நல்ல எண்ணத்தில் எழுதினார் என்றும் சொல்ல முடியாது, பாவம் மனிதர், பழக்க தோஷத்தில் எழுதினார்.

திரவியம் புள்ளியியல் நடத்துகிறவர், அதனாலேயோ என்னவோ எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் ஒரு கரண்டியை வைத்துச் சொல்ல முடியாது என்பார், மழை வருமா என்றால் வந்தாலும் வரலாம் என்பார், பஸ் போய்விட்டதா என்று அவரிடம் கேட்டவர்கள் அவர் யோசித்துச் சொல்வதற்குள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள். மனைவி செண்பகவல்லி பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை, அவருக்கு நேர் எதிர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்ன மனுஷன் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். பிள்ளை இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் போதும் என்று இருந்தார்கள்.

அந்தக் கல்லூரி ஓர் ஆய்விதழ் நடத்தியது, பெயர் ‘அறிவுக்கதம்பம்’. பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்று உத்தரவு வந்த பிறகு சுற்று வட்டாரத்தில் படித்தவர்கள் எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள், ஆனால் தனித்தனி இதழ் நடத்துகிற அளவுக்கு எந்தத் துறைக்கும் தெம்பில்லை, ஆகவே கட்டடக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் இருதய மருத்துவர்களும் சமூகவியல்காரர்களும் ஒரே இதழில் கூட்டமாக பஸ் ஏறிய மாதிரி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் கர்ப்பப்பை, அதற்குப் பக்கத்தில் கண்மாய் மீன். திரவியம்தான் பதிப்பாசிரியர். கட்டடமும் தெரியாது, கர்ப்பப்பையும் தெரியாது, ஆனால் ஒன்று தெரியும், இவ்வளவு கொஞ்சத்தை வைத்து யாரும் இவ்வளவு உறுதியாகப் பேசக் கூடாது. அதனால் எந்தக் கட்டுரை வந்தாலும் அதன் முடிவுரைக்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்ப்பார்: ‘இது குறித்து மேலும் ஆய்வு தேவை.’ எழுதினவர்கள் யாரும் சண்டைக்கு வந்ததில்லை, கடைசி வரி வரைக்கும் படித்தால்தானே சண்டைக்கு வருவதற்கு.

செண்பகவல்லிக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. அபூர்வமான கட்டி என்றார்கள், புத்தகத்தில்கூடச் சரியாக இல்லை என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா அருள்மேரி நல்ல மாதிரி, இப்படியொரு நோய் இருப்பது வெளியே தெரிந்தால் நாளைக்கு யாருக்காவது உதவும், எழுதட்டுமா என்று அனுமதி கேட்டார், செண்பகவல்லி தாராளமாக எழுதுங்கள் என்றாள். கட்டுரை அறிவுக்கதம்பத்துக்கே வந்து சேர்ந்தது. பெயர் போடாமல், நடுத்தர வயதுப் பெண், ஆசிரியை என்று தொடங்கி, ஸ்கேன் படம் எல்லாம் வைத்து, செய்யக்கூடியது எதுவும் இல்லை, முடிவு மிக அருகில் உள்ளது என்று முடித்திருந்தார். திரவியம் கல்லூரியில் தன் மேஜையில் உட்கார்ந்து மற்ற கட்டுரைகளைத் திருத்துகிற மாதிரியே அதையும் திருத்தினார், ஒருமை பன்மை பார்த்தார், கடைசியில் கை தானாகவே அந்த வரியை எழுதியது, எழுதி முடித்த பிறகுதான் எங்கே எழுதினோம் என்று உறைத்து, கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இதழ் வெளிவந்தது. அந்த இதழில் இருந்த எதுவும் அதற்கப்புறம் முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மேல்நிலைத் தொட்டி மழைக்காலத்துக்கு முன்னால் விழுந்துவிடும் என்று பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியிருந்தார், அது சொன்னபடியே ஒரு காலை சரிய ஆரம்பித்து, பாதி வானத்தில் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் அலறியடித்து ஓடியது, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை, பிறகு நிழல் நன்றாக விழுகிறதே என்று பூக்காரி ஒருத்தி கூடையோடு வந்து உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் இளநீர் வந்தது, செருப்புத் தைக்கிறவர் வந்தார், மினி பஸ் கண்டக்டர்கள் ‘சாஞ்ச தொட்டி, சாஞ்ச தொட்டி எறங்கு’ என்று கூவத் தொடங்கினார்கள். ஆட்டுக்கொல்லி நோயில் சாகக் கிடந்த மாடத்தியின் வெள்ளாடு எழுந்திருக்கவும் இல்லை, சாகவும் இல்லை. கண்மாயில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறவும் இல்லை, வற்றவும் இல்லை. வறட்சிப் பகுதியில் திருமணப் பேச்சுகள் என்ற கட்டுரைக்காக விசாரிக்கப்பட்ட இரண்டு குடும்பங்கள் மட்டும் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு முகூர்த்த மாதம் தவறாமல் சந்தித்தார்கள், சீர் பேசினார்கள், மண்டபம் பேசினார்கள், காபி குடித்தார்கள், முடிவாகவில்லை, அந்தப் பெண் இடையில் பி.எட். முடித்து வேலைக்கே போய்விட்டாள்.

ஆட்டைப் பற்றி எழுதியிருந்த கால்நடை மருத்துவர்தான் இதழைப் புரட்டிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஊர் மூக்கில் விரல் வைக்கவில்லை. அப்படியா சங்கதி என்று கேட்டுக்கொண்டு மறுநாளே கல்லூரி வாசலில் வரிசை கட்டிவிட்டது. சாகக் கிடக்கிற அப்பாவை, பட்டுப்போகிற மாமரத்தை, சரியப் பார்க்கிற ஓட்டு வீட்டை, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற மகனின் லீவை, எல்லாரும் கட்டுரையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். தள்ளுவண்டியில் வடை போடுகிறவள் ‘என்னோட கருதுகோள் என்னன்னா’ என்று தொடங்கிப் பேசினாள், முடிவெட்டுகிற கடையில் ஆய்வு நோக்கம் வேறு ஆய்வு முறை வேறு என்று விவாதம் நடந்தது. வக்கீல்கள் மட்டும் வரவில்லை, அவர்களுக்கு இந்த உதவி தேவைப்பட்டிருக்கவில்லை. இதையெல்லாம் விசாரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழு தன் முதல் அறிக்கையை மரியாதைக்காக அறிவுக்கதம்பத்திலேயே வெளியிட்டது, திரவியமும் பழக்கப்படி கடைசி வரியைச் சேர்த்தார், பிறகு அந்தக் குழு ஊரை விட்டுப் போகவே இல்லை, வீடு வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ரேஷன் கார்டும் மாற்றிக்கொண்டார்கள்.

திரவியம் வீட்டில் முதலில் சந்தோஷம்தான், சும்மா சொல்லக் கூடாது. டாக்டரம்மா சொன்ன கெடு தாண்டியது, அதற்கப்புறம் ஒரு தீபாவளி வந்தது, ஒரு பொங்கல் வந்தது, செண்பகவல்லி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள், அவர் இட்லி ஊற்றப் பழகிக்கொண்டு அவளுக்குப் பிட்டுப் பிட்டு ஊட்டினார், கல் மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள், அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் அவளை வந்து பார்த்து, வாத்தியார் வரி போட்டுக் காப்பாற்றிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எமனையே வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவிட்டீர்களே என்று டீக்கடையில் கேலி செய்தார்கள்.

ஆனால் முடியாதது நோயாளி மட்டும் இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வலியும் முடியவில்லை. மாத்திரை போட்டால் வலி விட வேண்டும், விட்டால்தானே அது முடிந்ததாக அர்த்தம், அது விடவில்லை, எந்த இடத்தில் எந்த அளவில் இருந்ததோ அங்கேயே பல்லைப் பிடுங்கப் போகிற நிமிஷம் மாதிரி நின்றது. முதுகில் படுக்கைப் புண் ஆறவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. அசந்து கண்ணை மூடுவாள், தூக்கத்தின் வாசல் வரைக்கும் போவாள், உள்ளே போக முடியாது. பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த குரல் தேய்ந்து, தண்ணீர் வேண்டும் என்பதையே கண்ணால் கேட்கிற நிலைமைக்கு வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார், எங்கே தொட்டாலும் வலித்தது, தொடாவிட்டால் அவள் அவர் கையைத் தேடினாள்.

திரவியம் சும்மா இருக்கவில்லை. மேலும் ஆய்வு தேவை என்றுதானே எழுதியிருக்கிறோம், அந்த ஆய்வை யாராவது செய்துவிட்டால் வழி பிறந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது, அதைப் பிடித்துக்கொண்டு மதுரை, வேலூர், சென்னை, அதற்கும் அப்பால் டெல்லி, வெளிநாடு என்று எழுதாத இடம் இல்லை, போகாத ஆஸ்பத்திரி இல்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். இது மிக அபூர்வமான நோய், ஆராய்ச்சி செய்கிற அளவுக்கு நோயாளிகள் கிடையாது, ஆனால் நிச்சயமாக ஆராய வேண்டிய ஒன்று என்றார்கள். நிச்சயமாக ஆராய வேண்டிய ஒன்று என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், ஆராய்வதற்குத்தான் ஆள் இல்லை. அப்போதுதான் அவருக்கு நெஞ்சில் அடித்த மாதிரி ஒன்று பட்டது, இத்தனை வருஷமாக இத்தனை கட்டுரைகளுக்கு அந்த வரியைப் போட்டிருக்கிறோமே, அதைப் படித்துவிட்டு நான் செய்கிறேன் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுதிக் கேட்டதுண்டா? அந்த வரி யாரையும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி போட்டு வைத்திருக்கிறோம், ஏறி உட்கார யாருமே வரவில்லை.

மாடத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் வரிசையில் நிற்க அவளுக்கு நேரமில்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேலை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும் என்றாள். அது மேயவும் இல்லையாம், அசை போடவும் இல்லையாம், கண்ணை மட்டும் திறந்து அவள் போகிற பக்கமெல்லாம் பார்க்கிறதாம், அதற்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லையாம், எப்படியாவது அதை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கேட்டாள். திரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரப்படக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். மாடத்தி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே கட்டிலில் செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த குரலை எடுத்துப் பேசினாள்.

“மாடத்திக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொல்லுவீங்களா?”

அவர் அவள் தலையணையைச் சரிசெய்தார்.

“அந்த வரிய எடுத்துருங்க.”

அவர் என்னென்னவோ சொன்னார். ஜெர்மனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றார், புது மருந்து ஒன்று எலிகளிடம் நல்ல பலன் காட்டியிருக்கிறது என்றார், இப்போது விட்டுவிட்டு நாளைக்கு வழி பிறந்தால் நான் என்ன செய்வேன் என்றார், ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார், ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

“நான் ஒருத்திதானங்க” என்றாள். “என்ன வச்சு எத்தன தடவ பாத்தாலும் இதேதான் வரும்.”

“நீ போயிட்டா நான் என்ன செய்வேன் செண்பகம்?”

“தெரியல. ஆனா நீங்க செய்யமாட்டேங்கிறதுனால நான் கெடக்கேன்.”

அவர் எழுந்து போய் அடுப்படியில் நின்றார், கொல்லையில் நின்றார், திரும்பி வந்தார், அவள் அப்படியே அவர் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், மாடத்தி சொன்ன அந்தப் பார்வை அவருக்குப் புரிந்தது. உயிர் போகிற மாதிரி வலித்தது அவருக்கு. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

சென்ற இதழ்களில் இன்ன கட்டுரையின் முடிவுரையில் கடைசி வரி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, அதை நீக்கிப் படிக்கவும் என்று எழுதினார். முதலில் மாடத்தியின் ஆட்டுக்கு எழுதினார், அது கொஞ்சம் சுலபமாக இருந்தது, பிறகு அதற்குக் கீழே டாக்டரம்மாவின் கட்டுரைக்கும் எழுதினார். மேலே தலைப்பு போட வேண்டும். தலைப்பின் பாதியில் பேனா நின்றது.

“பிழைதிருத்தம்னு எழுதணும். நடுவுல ஒற்று வருமா?”

“வராது” என்றாள் தமிழாசிரியை. “பிழையத் திருத்துறதுதான். ஒற்று மிகாது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “போட்டுராதீங்க. போட்டா ‘பிழைத்திரு’ன்னு விழுந்துரும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. ஒரு புள்ளி வைத்த எழுத்துத்தான், போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டார், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

இதழ் அச்சாகிற அந்தோணி அச்சகம் கடைவீதியில் இருந்தது. பிழை பார்க்கப் போன அன்றைக்கு அந்தோணி கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து காட்டினார், வாசகமெல்லாம் சரியாக இருந்தது, தலைப்பில் மட்டும் கொட்டை எழுத்தில் ‘பிழைத்திருத்தம்’ என்று ஒற்றுப் போட்டு அடித்திருந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், பேப்பரிலேயே அப்படித்தான் வருகிறது, நீங்கள் அவசரத்தில் விட்டுவிட்டீர்கள் என்று நானே சேர்த்துவிட்டேன் என்றார் அந்தோணி, நல்லது செய்த முகத்தோடு.

திரவியம் திரையைப் பார்த்தபடி நின்றார். இவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இவர் போட்ட ஒற்று இல்லை, யாரோ போட்டது, உலகமே போடுவது, சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அவள் இருப்பாள், நாளைக்கும் இருப்பாள், ஆடி போய் ஆவணி வந்தாலும் இருப்பாள், கதவைத் திறந்ததும் அந்தக் கண் இவரைப் பார்க்கும், அச்சகத்தில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் செண்பகம் என்று சொன்னால் அவள் நம்பக்கூடச் செய்வாள். வெளியே சாய்ந்த தொட்டியின் நிழலில் பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள், மினி பஸ் ஹாரன் அடித்தது, இப்படி அந்தரத்தில் தொங்குகிற ஒன்றின் கீழேதானே ஊர் முழுக்கப் பிழைக்கிறது, நாமும் பிழைத்துக்கொள்ளலாமே என்று நினைத்தார். நாம் பிழைத்துக்கொள்ளலாம். மேலே தொங்குகிறது யார் என்பதுதான் கேள்வி.

“ஒற்று போட்டாலும் போடாட்டியும் ரெண்டும் சரிதான சார்?” என்று கேட்டார் அந்தோணி.

“இல்ல” என்றார் திரவியம். “ஒண்ணுதான் சரி. அந்த ஒற்ற எடுத்துருங்க.”

அந்தோணி ஒரு விசையைத் தட்டினார், எழுத்து போய்விட்டது.

புத்தகக் கட்டு வந்த காலையில் திரவியம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வருகிற வழியிலேயே மாடத்தியின் வீட்டுப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவர் படித்துக் காட்டுகிறேன் என்றார், செண்பகவல்லி தானே பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினாள், பக்கத்தைப் பிடித்துக் காட்டினார். தலைப்புக்கு அடியில் ஒற்றை விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினாள், விரல் நடுவில் ஓரிடத்தில் நின்று, தாண்டிப் போனது. சரியாக இருக்கிறது என்றாள். முகத்தில் இருந்த இறுக்கம் அவர் கண் முன்னாலேயே விட்டுக்கொண்டே வந்தது, எத்தனையோ நாளுக்கப்புறம் வலிக்கவில்லை என்று சொன்னாள், நாக்கு வறள்கிறது, கொஞ்சம் வெந்நீர் குடுங்க என்றாள்.

அவர் ஓட்டமும் நடையுமாக அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்து, டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் தூங்குகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், இந்தத் தடவை உள்ளே போய்விட்டிருந்தாள். தண்ணீர் வாயில் வைக்க முடியாத சூடு. கூப்பிட்டுப் பார்த்தார், இன்னொரு தடவை கூப்பிட்டார், மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. அடுப்படிக்குத் திரும்பிப் போய் இன்னொரு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்திலேயே நின்று, இதிலிருந்து அதிலும் அதிலிருந்து இதிலும் ஊற்றி, அவள் குடிக்கிற பதம் வரும் வரைக்கும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.